ஒப்கோஸ் மாமா

ஒப்கோஸ் மாமா வீட்டு நாய்க்குத் தமிழ் தெரியாது. பெயர் ரெக்ஸ். 'சிற்' என்றால் இருக்கும். 'கெற் அவுற்' என்றால் படலைக்கு வெளியே போய் நின்று, இவ்வளவு போதுமா என்று திரும்பிப் பார்க்கும். பின்வளவில் கட்டியிருக்கும் பசுவுக்கோ இங்கிலிஷ் ஒரு சொல் தெரியாது. அது லட்சுமி. அதோடு மாமா பேசுவது நல்ல தமிழ். அதுவும் வைக்கோலைப் பற்றி மட்டும். வீட்டின் முன்பக்கம் இங்கிலிஷ், பின்பக்கம் தமிழ். குசினியில் நிற்கும் மாமிக்கு இரண்டு பக்கமும் கேட்கும்.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் இல்லை. "மாமா, உங்கட பக்கமும் கரண்ட் இல்லையோ?" என்று கேட்டால் "ஒஃப் கோர்ஸ்." "சாப்பிட்டாச்சோ?" "ஒஃப் கோர்ஸ்." வாய்க்கு வசதியாக ஊர் அதை ஒப்கோஸ் ஆக்கிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது கல்யாணக் காட் எழுதுகிறவர்களுக்கு மட்டும் தேவைப்படுகிறது. ஒரே ஆள் என்று எண்ணித் தேடிப் போகவேண்டாம். மானிப்பாயிலும் இருக்கிறார், பருத்தித்துறையிலும் இருக்கிறார். எந்த ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினாலும், விறாந்தையில் சாய்மனைக் கதிரையும் இங்கிலிஷ் பேப்பருமாக ஒருவர் கிடைப்பார்.

அந்தப் பேப்பர் சாதாரண விஷயமல்ல. 1990களில், யுத்த காலத்தில், சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை விழுந்து, கொழும்புப் பேப்பரும் வராமல் போன காலத்தில், கைவசமிருந்த பழைய பேப்பர்களை மாமா முறை வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஊரெல்லாம் இந்திய வானொலியும் பிபிசி தமிழோசையும் கேட்டு உலகத்தோடு ஓடிக்கொண்டிருக்க, மாமாவின் விறாந்தையில் 1995 வரைக்கும் கோர்பச்சேவ்தான் ஆட்சியில் இருந்தார்.

மாமாவின் இங்கிலிஷுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. விளங்காதவர்களிடம்தான் அது தாராளமாக வரும். தேங்காய் பிடுங்க ஏறுகிற பொடியனைப் பார்த்துக் 'கெயார்ஃபுல், கெயார்ஃபுல்' என்பார், அவன் பாதி மரத்தில் நின்றுகொண்டு "என்னவாம் அக்கா?" என்று மாமியைக் கேட்பான். மீன்காரியிடம் 'ரூ மச்' என்பார். அவள் விலையைக் கூட்டிவிடுவாள். ஆனால் அடுத்த ஊர் ஒப்கோஸ் மாமா ஒருவர் வந்து அமர்ந்தாரானால், இருவரும் முழங்கால் வாதத்தை மணிக்கணக்காகத் தமிழிலேயே பேசித் தீர்ப்பார்கள். பிழை பிடிக்கத் தெரிந்தவனுக்கு முன்னால் வாய் திறக்க எவனுக்குத் துணிவு வரும்?

கோபம் வந்தால் இங்கிலிஷ். கடிதம் என்றால் இங்கிலிஷ். கடன் கேட்டு வருகிறவனுக்கு மறுப்புச் சொல்வதும் இங்கிலிஷில்தான். அவன் தனக்கு ஏதோ கிடைக்கப்போகிறது என்று நம்பி அரை மணித்தியாலம் இருப்பான். கடன் கேட்க மாமா போகிற நாளில் மட்டும் தமிழ், அதிலும் 'தம்பி', 'ராசா' எல்லாம் சேர்ந்த தமிழ்.

இதைக் கிண்டல் செய்தால் மாமா சரித்திரத்தோடு வருவார். அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது 1823இல். அங்கே படித்த சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். "அவற்றை முன்னெழுத்து ரெண்டும் என்னெண்டு தெரியுமோ? சாள்ஸ் வின்ஸ்லோ!" என்று நெஞ்சை நிமிர்த்துவார், தானே ஞானஸ்நானம் கொடுத்ததுபோல. அந்தச் சாள்ஸ் வின்ஸ்லோ பிறகு ஏடு தேடி அலைந்து தொல்காப்பிய உரையும் 1887இல் கலித்தொகையும் அச்சிட்டவர் என்ற பகுதி வரும்போது மாமாவுக்கு ரீ குடிக்கவேண்டியிருக்கும்.

அதைவிடச் சங்கடம் டொக்டர் கிறீன். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் இருந்த மனிதர், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று புத்தகங்களையும் தமிழில் ஆக்கினார். இங்கிலிஷில் படித்தவன் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடிவிடுவான், தமிழில் படித்தவன் ஊரோடு இருப்பான் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழையில்லை, படித்த பொடியன்கள் உத்தியோகம் தேடிப் போகிறார்கள் என்ற மனக்குறையும் சேர்ந்துதான் மிஷன்காரர் 1855இல் செமினரியையே மூடியிருந்தார்கள். கிறீன் பெயரிலுள்ள ஆஸ்பத்திரிக்கு மாமா பிரஷர் பார்க்கப் போகிறவர். கிறீனே தமிழில் படிப்பித்தவர், உங்களுக்கு ஏன் இந்த இங்கிலிஷ் என்று மாமாவை ஒருநாள் கேட்டேன்.

"அந்தாளுக்கு இங்கிலிஷ் பிறப்போடை வந்தது, தம்பி. எங்களுக்கு அது உத்தியோகம்," என்றார். அன்றைக்கு 'ஒஃப் கோர்ஸ்' வரவில்லை.

அதற்குப் பதில் எனக்கும் இல்லை. ஆறில்லாத நாடு எங்கள் யாழ்ப்பாணம். இங்கே கிணற்றுத் தண்ணீரில் புகையிலை விளைந்தது. பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் விளைந்தது. இரண்டையும் வெளியே அனுப்பித்தான் சனம் கல்வீடு கட்டியது, சீதனம் கொடுத்தது. மாமாவின் பேரனார் மலாயா ரயில்வேயில் கிளாக்கர். தகப்பனார் கொழும்பில் கிளாக்கர். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபின் சிங்களப் பரீட்சைக்கு இருக்கமாட்டேன் என்று பென்சனோடு வீடு வந்தவர். மகன் ரொறன்ரோவில்.

ஒரு விஷயம் மாமாவிடம் சொன்னதில்லை. அவர் சாய்ந்திருக்கும் 'கதிரை' போர்த்துக்கேயச் சொல். பேப்பர் அடுக்கியிருக்கும் 'அலுமாரி'யும் அப்படித்தான். தகப்பனார் போன 'கந்தோர்' ஒல்லாந்தருடையது. வளவின் மூலையிலிருக்கும் கக்கூசும் அவர்களுடைய சொத்தே. போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை, ஒல்லாந்தர் அதன்பின் 1795 வரை. அந்தக் காலங்களிலும் இதே ஒழுங்கைக்குள் ஒரு மாமா இருந்திருப்பார், தன் நாயோடு போர்த்துக்கேயம் பேசிக்கொண்டு. அந்தப் பாஷைகள் கப்பலேறிப் போய்விட்டன. தளபாடங்களை விட்டுவிட்டுப் போயின.

போன ஆடியில் மகன் குடும்பத்தோடு வந்தான். பேத்திக்குப் பதினொரு வயது. அவள் வருகிறாள் என்று மாமா இரண்டு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இங்கிலிஷ் பேசிப் பழகினார் என்று மாமி சொன்னா. பிள்ளை வந்து காலில் விழுந்து கும்பிட்டு, ஸ்காபறோவின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தபடியே, "அப்பப்பா, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றது. மாமா ஆடிப்போனார். 'ஐ ஆம் கீப்பிங் ஃபைன்' என்று தொடங்கி, மழை, பிரயாணம், விமானம் என்று அரை மணித்தியாலம் இங்கிலிஷை ஓடவிட்டார். அப்பப்பாவுக்குத் தமிழ் வராதாக்கும் என்று பிள்ளை இரங்கியிருக்கவேண்டும். அதன்பிறகு அவரோடு தன் சொந்த இங்கிலிஷிலேயே பேசியது, அங்கே பள்ளிக்கூடத்தில் பேசுகிற வேகத்தில். மாமாவுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அப்படியான நேரத்துக்கென்றே ஒரு சொல் இருக்கிறதே. ஒவ்வொன்றுக்கும் 'ஒஃப் கோர்ஸ்' என்று தலையாட்டினார்.

அடுத்த நாள் காலை, லட்சுமி முன்முற்றத்தால் ஓடி, படலையைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வளவு மரவள்ளிக்குள் நின்றது. பின்வளவில் கயிற்றோடு பேத்தி. கேட்டுத்தான் அவிழ்த்ததாம், முதல்நாள் பின்னேரமே அப்பப்பா 'ஒஃப் கோர்ஸ்' சொன்னாராம்.

மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பேப்பரும் கையுமாக விறாந்தையால் இறங்கி ஓடினார்.

"ஸ்ரொப்! ஸ்ரொப் இற், ஐ சே!"

லட்சுமி இன்னொரு கொப்பை முறித்தது.

"அப்பப்பா, தமிழில் சொல்லுங்கள்!" என்று கத்திக்கொண்டு பிள்ளை பின்னால் ஓடியது.

ரெக்ஸ் மட்டும் முதல் 'ஸ்ரொப்'புக்கே நடுமுற்றத்தில் நின்றுவிட்டது. மாமா திரும்பி வரும்வரை அசையவில்லை.