தீவகத்தில் கழகம் தேடுவோருக்குச் சில ஆலோசனைகள்

கொழும்பிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு தீவுப்பகுதிக்குக் குடிவருகிறவர்கள் முதலில் செய்யவேண்டியது, கோல்ப் மட்டைகளை விற்றுவிடுவது. மண்டைதீவு தொடங்கி நெடுந்தீவு வரைக்கும் ஒரு கோல்ப் மைதானமும் இல்லை. ஆசை விடாது என்றால் 1879 இல் தொடங்கிய றோயல் கொழும்புக் கழகம் இருக்கிறது, அதற்குப் பத்து வயது இளைய நுவரெலியாக் கழகம் இருக்கிறது. கொழும்பு மைதானத்துக்கு நடுவால் களனிவெளி ரயில் ஓடும். அடிக்கமுன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டால் சரி. நெடுந்தீவில் இடம் தாராளம்தான். ஆனால் அந்தக் கல்லுத் தரையில் விழுந்த பந்து எந்தத் திசையில் துள்ளும் என்று சாத்திரியாரும் சொல்லமாட்டார். புல் வளர்த்தால் காட்டுக் குதிரைகள் மேய்ந்து முடிக்கும். குடிதண்ணீருக்கே வாளியோடு நிற்கிற ஊரில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களானால், பொழுதுபடமுன் கிணற்றடியெல்லாம் உங்கள் பெயர் அடிபடும்.

ஆகவே நீங்கள் சேரப்போவது உதைபந்து, கரப்பந்து, துடுப்பாட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே கொட்டிலுக்குள் வைத்திருக்கும் விளையாட்டுக் கழகத்தில்.

கோல்ப் கழகத்தில் இடம் கிடைக்க இரண்டு பேர் முன்மொழிய வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். இங்கே காத்திருப்பது கழகம். 1990 இலும் 91 இலும் போர் துரத்திய சனத்தில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கழகப் பெயர்ப்பலகைகள் மட்டும் ஒன்றும் குறையாமல் நிற்கின்றன. கிண்ணம் வாங்கித்தர பாரிசில் ஆள் இருக்கிறது. சீருடை லண்டனிலிருந்து வரும். பதினோராவது ஆளுக்குத்தான் பஞ்சம். கட்டிலை லொறியால் இறக்கமுன்னரே இரண்டு பேர் படலையடியில் நிற்பார்கள்.

"ஐயா எந்தக் கோயிலடி?"

பதிலை யோசித்துச் சொல்லுங்கள். வாய்தவறி அப்பாவின் பெயரைச் சொன்னால் கதை முடிந்தது. "ஓ, சங்கக்கடை மனேச்சரின்ரை மேனோ!" என்பார்கள், உங்கள் பேரனார் எந்தக் கழகத்துக்கு மைதானக் காணி கொடுத்தார், எந்தக் கழகத்தோடு கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் அந்த இடத்திலேயே வெளிவரும். அதற்குப் பிறகு தெரிவு உங்கள் கையில் இல்லை. சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத குறிச்சியில் வாடகைக்கு வீடு எடுத்தவருக்குத்தான் மேலே வாசிப்பதால் பயன்.

கழகத்தைப் பார்க்கப் போகிறபோது மைதானத்தைப் பார்க்காதீர்கள். எல்லா மைதானமும் ஒன்றுதான்: நாலு பக்கம் பனை, ஒரு மூலையில் மாடு. பின்னேரம் ஆட்டம் முடிந்தபின் கரப்பந்து வலையை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைப்பது யார் என்று பாருங்கள். பொடியள் ஆளுக்கொரு பக்கமாகச் சுருட்டினால் நல்ல கழகம். தலைவரே தனியாகச் சுருட்டினால் அவர் அடுத்த தலைவரைத் தேடிக்கொண்டிருக்கிறார், அவர் கண்ணில் படாமல் திரும்பிவிடுங்கள். வலை இரவு பகலாக உப்புக்காற்றில் நைந்து தொங்கினால் அங்கே கழகம் பலகையில் மட்டும்தான்.

அடுத்தது வாசிகசாலை மேசை. கிடப்பது அன்றைய பேப்பரா, போன கிழமைப் பேப்பரா? நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பேப்பர் படகேறி வரவேண்டும் என்பதால் அங்கே கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். மின்விசிறியையும் கவனியுங்கள். ஒவ்வொரு சிறகிலும் 'அன்பளிப்பு' என்று சிவப்பு மையில் பெயர் எழுதியிருக்கும். விசிறி சுற்றினால் பெயர் மறைந்துவிடும் என்பதால், அன்பளித்தவர் ஊருக்கு வந்து கூட்டத்தில் இருக்கும்போது எல்லோரும் வியர்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் வீடு எந்தப் பிரதேச செயலாளர் பிரிவில் என்பதும் முக்கியம். நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, வேலணை என மூன்று. நயினாதீவு வேலணைக்குள் வரும். பிரிவு மாறினால் பிரதேச விளையாட்டு விழாவில் மச்சானுக்கு எதிராக இறங்க வேண்டிவரும். சிலர் அதற்காகவே வீடு மாறுவதும் உண்டு என்பது என் சந்தேகம்.

ஐம்பது தாண்டியவருக்கு உதைபந்தில் பந்துகாப்பாளர் இடம் எப்போதும் காலி. முழங்கால் நோ என்று சொன்னால் ஒலிவாங்கியைக் கையில் தருவார்கள். தட்டாமல் வாங்குங்கள். நேர்முக வர்ணனையாளருக்குத்தான் தீவகத்தில் உண்மையான அதிகாரம். பந்து வெளியே போனாலும் அவர் சொன்னால் அது மயிரிழையில் தவறிய கோல். ஞாபகார்த்தக் கிண்ணம் யாருடைய ஞாபகம், யாருடைய காசு என்பதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே அங்கத்துவம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சீமெந்து காயட்டும்.

எந்தக் கழகத்தில் சேர்ந்தாலும் பொருளாளர் பதவிக்கு மட்டும் தப்ப வேண்டும். ரொறன்ரோ ஒன்றியம் ஒரு கணக்குக் கேட்கும், லண்டன் ஒன்றியம் வேறு கணக்குக் கேட்கும், பாரிசுக்குப் படத்தோடு பற்றுச்சீட்டு வேண்டும். ரொறன்ரோவில் பின்னேரம் நாலரை என்றால் இங்கே கோடையில் சாமம் இரண்டு மணி. அவர்களுக்குக் கணக்கு ஞாபகம் வருவது அப்போதுதான்.

தப்புகிற வழி கடைசி வண்டி. ஊர்காவற்றுறைக் கூட்டமென்றால் காரைநகரில் மச்சாள் வீட்டுக்குப் போகவேண்டும், மிதவைப் பாதைக்கு நேரமாச்சு என்று எழும்பலாம். யாழ்ப்பாணத்தைச் சுற்றி ரோட்டால் போகலாமே என்று யாராவது கேட்டால் முகத்தைச் சுளித்தால் போதும். புங்குடுதீவில் கடைசி பஸ். நயினாதீவில் குறிகட்டுவானுக்குப் படகு. நெடுந்தீவில் குடியிருப்பவருக்கு இதொன்றும் உதவாது, படகு போனபிறகுதான் அங்கே கூட்டமே தொடங்கும். அங்கே சேருகிறவர்கள் வரும்போதே தடித்த கொப்பி ஒன்றும் இரண்டு பேனையும் வாங்கிக்கொண்டு வருவது நல்லது.