கை விறைக்குதே, கடிவாளம் பிடிக்க!

கேள்வி: மார்கழிப் பனியில் வத்தல்மலைப் பக்கம் குதிரை ஓட்ட எந்தக் கையுறை வாங்கலாம்?
(ஒரு வாசகர், பென்னாகரம்)

பதில்: குதிரை வாங்கியாச்சா? 1790-களில், நம் தருமபுரிப் பக்கமும் அடங்கிய பாராமகாலில் நிலவரி நிர்ணயிக்க ஊர் ஊராய்ச் சுற்றிய கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவுக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. வரி வாங்குகிற கை விறைக்குமா என்ன?

பைக்குக்குப் போடுகிற தடித்த கையுறை வேண்டாம். குதிரையின் வாயசைவு விரலுக்குத் தெரியாது. வெறும் கம்பளி வழுக்கும். உள்ளங்கையில் தோல், உள்ளே மெல்லிய கம்பளி போதும். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவேதான் கடிவாள வார் ஓடும். அங்கே கூடுதல் தோல் தைத்திருக்கிறதா பாருங்கள். இறுக்கமானது ஆகாது, ரத்தம் ஓடாமல் இன்னும் விறைக்கும். கடையிலேயே மாட்டிக்கொண்டு இடுப்பு பெல்ட்டைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். போட முடிந்தால் சேணமும் பூட்டலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.