50 வாட் பேராண்டி

வாடா கண்ணு, உக்காரு. ரெண்டடி மீன்தொட்டி வாங்கியாச்சு, கப்பியும் மோலியும் வந்தாச்சு, மணலைக் கொட்டிச் செடியும் நட்டாச்சு. விளக்கை மட்டும் கடையில வாங்க மாட்டேன், நானே செய்வேன்னு நிக்கிற. பேராண்டி கையில திருப்புளி பிடிச்சா தாத்தனுக்குப் பெருமைதானே. ஆனா பையிலருந்து எடுத்துக் காட்டினியே 50 வாட் ஃப்ளட் லைட்டு, அதைக் கொடுத்த தருமபுரிக் கடைக்காரர் எந்த ஊர்ல திருவிழான்னு கேக்கலையா?

கணக்கு எனக்கும் வரும்டா. பரிசல்ல எத்தனை பேரை ஏத்தலாம்னு கண்ணாலயே எடை போட்டுக் காலத்தை ஓட்டினவன். உன் தொட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். விளிம்பு வரைக்கும் ஊத்தினா 56 லிட்டர். மணலும் கல்லும் போக 45 தேறும். சாதாரணச் செடிக்கு லிட்டருக்கு 20 லூமென் வெளிச்சம் போதும்னு மீன் வளக்குறவங்க ஒரு கைக்கணக்கு வச்சிருக்காங்க. 900 லூமென் ஆச்சு. இப்ப வர்ற எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் பக்கம் கொடுக்குது. பத்து வாட்டுல உன் சோலி முடிஞ்சுது. மிச்சம் 40 வாட்டு யாருக்கு? கப்பி என்ன ராத்திரி கண் முழிச்சுப் பரீட்சைக்கா படிக்குது?

ஒகேனக்கல் அருவிக்குப் போற வழியில மீன்வளத்துறை வண்ண மீன் காட்சியகத்தைப் பாத்ததுலருந்துதான் உனக்கு இந்தக் கிறுக்கு. காட்சியகம் கட்டுறவன் சூட்சுமமே பாக்க வர்றவனை இருட்டுல நிறுத்துறதுதான். விளக்கை மேல ஒளிச்சு வச்சா மீன் தானா மின்னும். மெட்ராஸ் மெரினாவுல 1909லயே மீன் காட்சிசாலை தொறந்துட்டாங்க. எல்.இ.டி. இல்லாமயே கூட்டம் வந்துச்சு. நீயும் கூடத்து லைட்டை அணைச்சுட்டுப் பாரு, பத்து வாட்டே பிச்சுக்கிட்டுத் தெரியும்.

இல்ல தாத்தா, வெளிச்சம் கூடினா அழகும் கூடும்ங்கிறியா? கூடும். முதல் வாரம் அழகு. அடுத்தாப்ல கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. செடி தின்ன முடியாத வெளிச்சத்தைப் பாசி தின்னும். நீ அதே கடைக்கு ஓடுவ. அவர் சிரிச்சுக்கிட்டே, "ஒரு சக்கர் மீன் விடு தம்பி, பாசியை நக்கிடும்"னு விரல் நீளத்துல ஒண்ணைப் பாலித்தீன் பையில போட்டுக் கொடுப்பார். அது தென்னமெரிக்கா ஆத்து மீன். வளந்தா ஒரு முழம் வரும். மேலெல்லாம் தகடு, துடுப்பெல்லாம் முள்ளு. உன் தொட்டியில அது திரும்பக்கூட இடமிருக்காது. கொல்ல மனசு வராது, வறுக்கவும் மனசு வராது. ஆடிப் பதினெட்டுக்கு முழுகப் போறப்ப, ஜீவகாருண்யம்னு காவிரியில விட்டுட்டு வந்துடுவ.

அப்புறம் நம்மாளுங்க வலையில அது ஏறும். வலை கிழியும், பிரிச்செடுக்குறவன் கையும் கிழியும். வாங்குறதுக்கு ஆளில்ல. கரையைக் குடைஞ்சு பொந்து போட்டு முட்டையிடும், கரை சரியும். முதுகுல திமில் வச்ச மகசீர்னு ஒரு மீன் இருக்கு; காவிரிப் படுகையை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அதுவே அழியப்போற பட்டியல்ல கடைசிப் படியில நின்னுக்கிட்டிருக்கு. இந்த ஆத்துக்கு இன்னொரு வெளியூர் விருந்தாளி வேணுமா? உன் 40 வாட்டுக்குக் கரண்டு பில்லை உங்கப்பன் கட்டிருவான். வலைக்கு யாருடா கட்டுறது?

சரி, விளக்குப் பெட்டிக்கு வருவோம். பிளைவுட்டு எடுத்து வச்சிருக்க. ராவும் பகலும் ஆவி ஏறுற இடத்துல அது ஆயா சுடுற பூரி மாதிரி உப்பிக்கும். நாலங்குல பி.வி.சி. பைப்பை நீளவாக்குல ரெண்டா அறுத்து ஒரு பாதியை எடுத்துக்க. உள்பக்கம் வெள்ளைப் பெயிண்ட் அடி. அடுப்படி அலுமினியத் தாளை ஒட்டாத, அது கசங்கி வெளிச்சத்தைக் கண்ட பக்கம் சிதறவிடும். நடுவுல ஒரு அலுமினியச் சேனலை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, அதுல 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை ஒட்டு. எல்.இ.டி. சூடாகாதுன்னு எவனோ சொன்னதை நம்பாத, முகம்தான் குளிர்ச்சி, முதுகு சூடு. அந்தச் சூட்டை அலுமினியம் வாங்கிக்கும், பி.வி.சி. வாங்காது. வெறும் பைப்புல ஒட்டினா பசை விட்டுப்போய், பட்டை தானா குளிக்க இறங்கிடும். ரெண்டு முனையிலயும் காத்துப் போக ஓட்டை விடு. தொட்டி மேல ஒரு கண்ணாடியை மூடி வை, தண்ணி தெறிக்காது, மோலியும் எகிறாது.

பரண்ல கிடக்குற பழைய டியூப் லைட்டை மாட்டலாமான்னு அடுத்துக் கேப்ப. அதுக்குள்ள பாதரசம் இருக்குடா. உலக நாடுகள் 2023ல ஜெனீவாவுல கூடி, 2027க்குள்ள அந்த டியூப் லைட்டைச் செய்யுறதையே நிறுத்திடணும்னு முடிவு பண்ணியாச்சு. நீ அதைத் தண்ணி மேல தொங்கவிடப் பாக்குற.

கரண்டு விசயத்துல மட்டும் தாத்தன் சிரிக்க மாட்டேன். அடாப்டர் தொட்டியை விட உசரத்துல, சுவத்துல இருக்கட்டும். ஒயர் வழியா தண்ணி சொட்டிக்கிட்டே ஓடும். அதனால பிளக்குக்குப் போறதுக்கு முன்ன அதைவிடத் தாழ்வா ஒரு தொங்கல் விடு, சொட்டு அங்கயே விழுந்துடும். கரண்டு கசிஞ்சா தானா அணைக்குற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வூட்டுல இருக்கான்னு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பாரு. தொட்டிக்குள்ள கையை விடுறதுக்கு முன்ன பிளக்கைப் பிடுங்கு. வீரத்தைக் காட்டணும்னா பக்கத்துலயே வனத்துறை முதலைப் பண்ணை இருக்கு, அங்க போய்க் காட்டு.

மீனுக்கு இமை கிடையாது, நீ அணைச்சாத்தான் அதுக்கு ராத்திரி. ஒரு டைமரு வாங்கி மாட்டு, ஏழெட்டு மணி நேரம் போதும். நீ போன் நோண்டுறதுக்காக அது முழிச்சிருக்கணுமா?

நிறம் மாறி மாறி மின்னுற பட்டை வேணாம். 6500 கெல்வின் வெள்ளை கேட்டு வாங்கு. அந்த வெள்ளையும் நிசத்துல நீல விளக்குதான், மேல மஞ்சள் பூச்சு. அந்த நீலத்தைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜப்பான்ல பொறந்த மூணு பேருக்கு 2014ல நோபல் கொடுத்தாங்க. ஃபுளோரைடு தண்ணியில பல்லு கறுத்துக் கிடந்த நம்ம ஜில்லாவுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுத்ததும் ஜப்பான்தான், 2013ல தண்ணி வந்துச்சு. அதைத் தொட்டியில ஊத்தறதுக்கு முன்ன ஒரு நாள் வாளியில ஆற விடு, குளோரின் போகட்டும்.

அந்த ஃப்ளட் லைட்டைத் திருப்பிக் கொடுக்கத்தானே போற? காசைக் கேட்டு நிக்காத, மாத்திக் கேளு. 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், அதே 50 வாட்டு. ஆயா கடையில வெள்ளை லைட்டுக்குக் கீழ மீன் வறுவல் வெளிறித் தெரியுதாம், மொளகாப்பொடி ஏறின செவப்பே கண்ணுக்குப் படலையாம், சனிக்கிழமைக் கூட்டம் அடுத்த கடைக்கு நகருது. மஞ்சள்ல பாத்தா கல்லுல கிடக்குற கட்லாத் துண்டு தானா கூப்பிடும். ஒயர் மிச்சமிருந்தா அதையும் சுருட்டிக் கொண்டா. கூலி கீலின்னு வாயைத் தொறக்காத. ஒரு துண்டு அரஞ்சான் வறுவல் தரச் சொல்றேன், வாலு பக்கமா.