தோட்டா கோரும் மனு: நான்காம் நினைவூட்டல்

அனுப்புநர்:
ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுடும் ஒரு சாமானியன்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
தோட்டா ஒதுக்கீட்டுக்கும் விலைக்கும் பொறுப்பான அதிகாரி அவர்கள்
(அது எந்த அலுவலகம் என்று இன்னும் முடிவாகாததால், எல்லா அலுவலகங்களும்).

பொருள்: பாயிண்ட் 22 தோட்டா – கிடைக்காமை – கிடைத்தாலும் வாங்க இயலாமை – ஆலோசனை வழங்குதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு. 2. அப்படியொரு மனு வரவே இல்லை என்ற தங்கள் பதில். 3. மேற்படி பதிலில், வராத மனுவின் தேதி சரியாகக் குறிக்கப்பட்டிருந்தமை.

ஐயா,

முதலில் ஒரு விளக்கம்: நான் யாரையும் சுடுபவன் அல்லன். 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு காகித வட்டத்தைக் குப்புறப் படுத்துக்கொண்டு சுடுபவன். அதன் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான். அந்தப் பொத்தானுக்குள் தோட்டாவைக் கொண்டு சேர்க்க ஒரு சுற்றுக்கு 60 முறை மூச்சை அடக்க வேண்டும். மூச்சு இலவசம். தோட்டாதான் பிரச்சினை.

நான் கிளப்பில் சேர்ந்தபோது ஒரு தோட்டா ஒரு டீ விலை. பிறகு டீயும் வடையும் ஆனது. இப்போது விசையைத் தொட்டால் சாம்பாரோடு ஒரு பிளேட் இட்லி பறக்கிறது. போன மாதம் வேடிக்கை பார்க்க வந்த என் மனைவி தொலைநோக்கியில் கண் வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, ஒரு பிளேட் இட்லி எட்டுலயா போய் விழுகுது?” அன்றைக்கு மேற்கொண்டு சுட எனக்குக் கை வரவில்லை.

பழி முழுவதையும் தங்கள் மேல் போட மாட்டேன். 2020-ல் கொரோனாவுக்குப் பயந்து அமெரிக்கர்கள் துப்பாக்கி வாங்கக் குவிந்தார்கள். அங்கே தோட்டா அலமாரிகள் காலியாயின. 2022-ல் உக்ரைன் போர் வந்தது. தோட்டா மருந்துக்கு வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக்குப் போயிற்று. அதன் மூலப்பொருள் பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு வலித்தது. நான் பஞ்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்தவன் ஐயா! மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் குன்னூர் தாண்டி அருவங்காடு. அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெடிமருந்துத் தொழிற்சாலை நடக்கிறது. தெற்கே போனால் சிவகாசி; குழந்தைகளின் பொம்மைத் துப்பாக்கிக்குச் சுருள் சுருளாக கேப் செய்து கொடுக்கும் ஊர். பஞ்சு கீழே, மருந்து மலைமேல், வெடி தெற்கே. ஆனால் போட்டிக்குரிய தரமான தோட்டா மட்டும் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வர வேண்டும். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். நாங்கள் சுங்கம் கட்டி அலைகிறோம்.

என் உரிமப் புத்தகத்தில் இரண்டு எண்கள் உள்ளன. ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது ஒன்று, ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது மற்றது. எங்கே கிடைக்கும் என்பதற்குத்தான் கட்டம் இல்லை. புதுப்பிக்கப் போன இடத்தில் நடந்த உரையாடலைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்:

“போன வருஷம் வாங்கின தோட்டாவ என்ன பண்ணீங்க?”

“சுட்டுட்டேன் சார்.”

“எல்லாத்தையுமா?”

அவர் முகத்தில், சீதனப் பாத்திரத்தை மருமகன் தினசரிப் புழக்கத்துக்கு எடுத்துவிட்டதைக் கண்ட மாமனாரின் துயரம் தெரிந்தது.

இன்னொரு நுட்பம். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒவ்வொரு லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டாதான் ஒத்துப்போகும். அதே கம்பெனி, அதே நிறப் பெட்டி. லாட் எண் மாறினால் ஒரே துளையில் விழுந்துகொண்டிருந்தவை ஊர்வலம் போகும். பத்துப் பொருத்தமும் பார்த்து முடிக்க வேண்டிய காரியம். இன்றைய நிலையில், வந்த வரன் போதும் என்று தாலி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனவே, அரசுக்குச் செலவில்லாத சில ஆலோசனைகள்:

1. தோட்டா இல்லாமல் குறிபார்த்து விசையை மட்டும் அழுத்தும் டிரை பயிற்சி உண்மையிலேயே நல்ல பயிற்சி. பெரிய வீரர்களும் செய்கிறார்கள். அதையே போட்டிக்கும் விரிவுபடுத்தலாம். தோட்டாவும் இல்லை, துளையும் இல்லை. வென்றவருக்குப் பதக்கம் இல்லாத ரிப்பன் போதும்.

2. புள்ளிகளை அவரவர் முத்திரைத்தாளில் உறுதிமொழியாக எழுதித் தரலாம். ஒரு தோட்டாவுக்கு உச்சப் புள்ளி 10.9 என்பதால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

3. குடும்ப அட்டைக்கு மாதம் இரண்டு தோட்டா வீதம், கைரேகை வைத்து வழங்கலாம். பொங்கல் தொகுப்பில் முழுக் கரும்போடு ஒரு பெட்டி வைத்தால் மகிழ்ச்சி. கைரேகை விழாதவர்கள் வாயால் ‘டுமீல்’ சொல்லிக்கொள்ளட்டும்.

விளையாட்டு போதும், ஐயா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாடு வாங்கிய ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை. அவற்றில் ஸ்வப்னில் குசாலே வாங்கிய வெண்கலம் நான் சுடும் இதே 50 மீட்டர், இதே பாயிண்ட் 22. விமான நிலையத்தில் மாலைகளுக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை. ஆனால் அந்த வெண்கலம், பத்தில் விழாமல் போன ஆயிரக்கணக்கான தோட்டாக்களால் வார்த்தது. வீணடிக்க விடாமல் வீரரை உருவாக்க முடியாது.

எனக்குப் பதக்கம் வராது. எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். என் பக்கத்து லேனில் சுடுவது பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஞாயிறுதோறும் 60 சுட்டவள், இப்போது 20 தோட்டாக்களை மர அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்து, ஒவ்வொன்றாக எடுக்கிறாள். பதினைந்தாவதுக்குப் பிறகு அவள் இலக்கைப் பார்ப்பதைவிட அட்டையைத்தான் அதிகம் பார்க்கிறாள். கடைசி ஐந்தும் இடப்பக்கம் விலகுகின்றன.

கேட்பது மூன்றே: எல்லா கிளப்புகளின் தேவையையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே சேர்த்துத் தருவிக்க ஒரு தேதி, எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிய ஒரு விலைப்பட்டியல், பதில் சொல்ல ஒரு மேசை. எனக்கு வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
மூச்சடக்கிக் காத்திருப்பவன்.

இணைப்பு: காலித் தோட்டாக் கூடு – 1. (பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். கணக்குக் காட்ட வேண்டியுள்ளது.)