மச்சான் குதிரை வாங்குகிறார்

என் அக்கா வீட்டுக்காரர் பதினோரு வருடமாகக் குதிரை வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் வாங்கி முடியவில்லை.

இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். ஒருவர் ஏற்காட்டில் இடம் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் பழைய புல்லட் பார்ப்பார். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மகனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து, அவர் வேண்டாமென்ற பெண்களின் பிள்ளைகளெல்லாம் இப்போது எல்.கே.ஜி. போகிறார்கள். மச்சானுக்கு வாய்த்தது குதிரை. அவருடைய தாத்தா கோபிச் சந்தைக்குக் குதிரை வண்டியில் போய் வந்தாராம். சாட்சிக்கு ஒரு போட்டோ இருக்கிறது. அதில் தாத்தா இருக்கிறார், வண்டி இருக்கிறது, குதிரையின் வால் மட்டும் இருக்கிறது. மீதிக் குதிரையைத்தான் மச்சான் தேடுகிறார் என்று நினைக்கிறேன்.

ஆடி பிறந்துவிட்டால் மனிதர் தரையில் நிற்க மாட்டார். அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குப் புதுப்பாளையத்தில் குதிரைச் சந்தை கூடும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து கூடுவதாகச் சொல்வார்கள். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி, அதே ஜாடையில் கத்தியவாரி, வெள்ளை வெளேரென்று நொக்ரா, கட்டில்மேல் ஏறி ஆடுகிற நாட்டியக் குதிரை, எதிலும் சேராத மட்டக்குதிரை என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். சந்தையின் முதல் நாள் விடியும் முன்பே மச்சான் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுவார். தோளில் துண்டு, கையில் தையற்காரர் டேப்பு, அக்குளில் நாற்பது பக்க நோட்டு. டார்ச் லைட் என் பொறுப்பு.

"மாப்ள, இந்த வருசம் முடிச்சர்றோம்."

துண்டு வியர்வைக்கு அல்ல. போனதும் குழாயடியில் நனைத்துப் பிழிந்துகொள்வார். கறுப்புக் குதிரை எதைக் கண்டாலும், பேச்சுக் கொடுத்தபடியே முதுகில் ஒரு தேய்ப்பு. துண்டில் கறுப்பு ஒட்டினால் சாயம். இதுவரை எதுவும் ஒட்டியதில்லை, புழுதியைத் தவிர. ஆனாலும் தேய்ப்பார். குதிரைக்காரர்கள் இப்போது அவரைத் தூரத்தில் கண்டதுமே, "துண்டுக்காரர் வர்றாரு" என்று டீ சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது பல். இந்த ஒரு விஷயத்தில் மச்சானை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கீழ் முன்வரிசையில் நடுப்பல் இரண்டும் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்கப்புறம் பல்லின் தலையில் இருக்கிற கறுப்புக் குழியைப் பார்க்க வேண்டும். நடுப்பல்லில் ஆறு வயதுவாக்கில் தேய்ந்து மறையும், அடுத்ததில் ஏழு, ஓரத்தில் எட்டு. இதைத் தெரிந்துகொண்ட பழைய வியாபாரிகள் கிழட்டுக் குதிரையின் பல்லில் குடைந்து, சூட்டுக்கோலால் கறுப்பாக்கி இளமை ஏற்றுவார்களாம். அவர்களால் ஏமாற்ற முடியாத அடையாளம் ஒன்று உண்டு. மேல்வரிசை ஓரப் பல்லில் பத்து வயது சுமாருக்கு ஈறோரம் ஒரு பழுப்புக் கோடு தலைகாட்டும். பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும், இருபதில் நுனியைத் தொடும்.

போன வருடம் ஒரு செவலைக் குதிரை. அதற்குச் சொந்தக்காரர் நெற்றியில் பட்டையும் வாயில் வெற்றிலையுமாக, "அஞ்சு வயசுங்ணா, குட்டியாட்ட" என்றார்.

மச்சான் கட்டைவிரலால் அதன் மேலுதட்டைத் தூக்கினார். "மாப்ள, லைட்டு."

அடித்தேன். பழுப்புக் கோடு ஈறிலிருந்து புறப்பட்டுப் பாதிப் பல்லைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. குதிரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. இந்த டார்ச் அதற்குப் புதிதல்ல என்று அதன் கண் சொன்னது.

"ஏனுங், இது என்ற கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த குதிரையாட்ட இருக்குதுங்களே?"

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க பல்லோட வயசக் கேக்கறீங்க. நான் அதோட மனசச் சொன்னனுங்ணா."

பல்லில் இவ்வளவு கெட்டி. ஆனால் சுழி என்று வந்துவிட்டால் மச்சானுக்குப் புத்தி பேதலித்துவிடும். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வீட்டில் அழுகை, தொண்டையில் இருந்தால் தெய்வமே கூட வருகிறது என்று ராஜஸ்தான்காரர்கள் சொல்வதையும், கொங்கு நாட்டில் மாட்டுக்குச் சொல்வதையும் கலந்து தனக்கென்று ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறார். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் நகுலன் பெயரில் அசுவ சாஸ்திரமே இருக்கிறது என்பது அவருடைய கடைசி அஸ்திரம். இருக்கட்டும். சுழி எண்ணுகிற நேரத்தில் பாதியைக் கால் பார்ப்பதில் செலவழித்திருந்தால் ஐயாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அது நாலு வருடத்துக்கு முந்திய கதை. வெள்ளைப் பெட்டை, 58 இஞ்ச் உயரம், தொண்டையில் சுழி. அவர் கழுத்தில் கை வைத்ததும் அவர் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டது. அக்காகூட அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை. மச்சான் கண் கலங்கி, பதினோரு மணிக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துப் பேரம் பேச ஆரம்பித்தார். எந்த விரல் ஆயிரம், எந்த விரல் பத்தாயிரம் என்று மச்சானுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மானம் இடம் தரவில்லை. தரகர் அமுக்கியபோதெல்லாம் இவரும் திருப்பி அமுக்கினார். வெளியே வந்தபோது குதிரையின் விலை முதலில் சொன்னதைவிட இருபதாயிரம் கூடியிருந்தது.

சாயங்காலம் சேணம் வாங்கப் போன வழியில், சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம். சாதுவை மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். குதிரையை விடிகாலையில் ஓட்டோ ஓட்டென்று ஓட்டிக் களைக்க வைத்துத்தான் காட்டுவார்கள், சிலர் மயக்க ஊசியே போடுவார்கள் என்று பக்கத்து டீக்கடைக்காரர் விளக்கினார். பார்க்கிற குதிரையைச் சொல்லாத நேரத்தில் இன்னொரு தரம் பார்க்க வேண்டும், சேணம் போடுவதிலிருந்து ஏறி இறங்குவது வரை நம் கண்முன்னால் நடக்க வேண்டும், முன்னங்காலின் பின்பக்க நரம்பை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிச் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கெட்டித் தரையில் ஓட விட்டுத் தலையைக் கவனிக்க வேண்டும், வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும் என்று சொல்லிக்கொண்டே போனார். டீக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். மச்சானின் நோட்டில் உருப்படியான பக்கம் என்றால் அன்று எழுதியதுதான். அட்வான்ஸ் திரும்பவில்லை. "பீசு கட்டிப் படிச்சேன்னு வச்சுக்க" என்றார் மச்சான்.

வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் சரித்திரத்துக்குள் ஒதுங்கினார். தோற்றுப்போன நாட்களில் அங்கேதான் ஒதுங்குவார்.

"மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போனாரு. பாண்டியன் கஜானாப் பணம். என்னாச்சு? வந்ததெல்லாம் நரி. அரண்மனையில ஒருத்தன் பல்லப் புடிச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். கயிறு மாத்திக் குடுத்துட்டாங்க, சோலி முடிஞ்சுது."

"அது சிவபெருமான் திருவிளையாடல், மச்சான்."

"சிவபெருமானே வித்தாலும் பாத்துத்தான் வாங்கோணும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. குதிரை விஷயத்தில் தென்னாட்டு ராஜாக்கள் ஏமாந்த மாதிரி யாரும் ஏமாந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக்கு வருடம் இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகள் கடல் வழியாக இறங்குவதாகவும், வருடம் முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போவதாகவும் எழுதியிருக்கிறார். காரணம் இங்கே குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர் இல்லை, தீனியாகச் சோறும் கறியும் வைக்கிறார்கள். இறக்குமதி செய்த அரபு வியாபாரிகள் குதிரை வைத்தியர் யாரும் இந்தப் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம். விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மன் இன்னும் ஒரு படி மேலே. வழியில் கடலில் செத்த குதிரைக்கும், வாலை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து காட்டினால் முழு விலை கொடுத்தான் என்று நூனிஸ் என்ற போர்ச்சுகீசியர் எழுதி வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் மச்சான் வெகுநேரம் பேசவில்லை. தாத்தா போட்டோவிலும் வால்தான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் குதிரையின் உண்மையான விலை தெரிந்தவர் எங்கள் வீட்டில் ஒருவர் உண்டு. அக்கா. சந்தைப் பக்கமே வந்ததில்லை. காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். 350 கிலோ குதிரை என்றால் காய்ந்த தீனிக் கணக்கில் ஒரு நாளைக்கு 7 கிலோ. புல், தவிடு, கொள்ளு. கொள்ளை ஊற வைத்து வேக வைக்க வேண்டும், யார் வைப்பது என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தண்ணீர் 30 லிட்டர், வெயில் நாளில் இன்னும் மேலே. சாணி 15 கிலோவுக்குக் குறையாது, கேள்விக்குறி இரண்டு. ஆறு வாரத்துக்கு ஒரு தரம் குளம்பு சீவி லாடம் மாற்ற வேண்டும், அதற்கு ஆள் தேடிப் போக வேண்டும். ஆணி குத்தினால் ரண ஜன்னி குதிரைக்கு வெகு சீக்கிரம் வரும், அதனால் தவறாமல் தடுப்பூசி. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, தின்றது உள்ளே சிக்கி வயிறு உப்பினால் ராத்திரி இரண்டு மணியானாலும் டாக்டர் வேண்டும். எங்கள் பக்கத்து டாக்டர் மாட்டுக்குக் கெட்டிக்காரர், குதிரை என்றால் காலண்டரைப் பார்த்து நல்ல நாள் சொல்லுகிறார். இதெல்லாம் போக லாயம், பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அவருக்குச் சாப்பாடு.

"நல்லா வச்சுக்கிட்டா இருபத்தஞ்சு முப்பது வருசம் இருக்குமாம்" என்றாள் அக்கா. "பேரன் காலேஜ் போற வரைக்கும் நான் கொள்ளு வேக வைக்கோணுங்களா?"

"மாட்டுக்கு வெக்கறியல்ல?"

"மாடு தின்னுபோட்டுப் பால் குடுக்குது. இது என்னங் குடுக்கும்?"

"கௌரவம்."

"அதை எந்தச் சொசைட்டில கொண்டுபோய் ஊத்தறதுங்?"

இந்த வருடம் மச்சானுக்குப் புதிதாக ஒரு எச்சரிக்கை சேர்ந்துவிட்டது. கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய். குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், வந்த குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் சட்டம். ரத்தம் எடுத்துச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும், ஹரியானாவில் ஹிசாரில் இதற்கென்றே குதிரை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சரியான எச்சரிக்கைதான், எல்லோரும் கேட்க வேண்டியதுதான். மச்சான் கேட்ட முதல் ஆள், "ஆர்.சி. புக்குங்களாண்ணா? பைக்குக்குத்தானுங்க இருக்குது" என்றார். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஜாதிக்குதிரை ஒன்றை மலிவாகத் தருவதாக இன்னொருவர் கூப்பிட்டார். அந்த மலிவுக்குக் காரணம் முன்னங்கால் நரம்பில் கெட்டியாக, கைக்குச் சூடாகத் தட்டுப்பட்டது. ஐயாயிரம் ரூபாய்ப் படிப்பு வீண் போகவில்லை. சாயங்காலம் ஒரு சாட்டையும் ஒரு மணிமாலையும் வாங்கிக்கொண்டு வந்தோம். சேணம், கடிவாளம், அங்கவடி, நாலு லாடம் என்று குதிரைக்கு வேண்டியதில் குதிரை தவிர எல்லாமே வீட்டில் இருக்கிறது. மணிமாலை வேலை செய்கிறது. சிவப்புப் பசுவின் கழுத்தில்.

எங்கள் தெருக்கோடியில் ரிக் வண்டி வைத்திருக்கிறவரும் அதே சந்தைக்கு வந்திருந்தார். சுழி பார்க்கவில்லை, பல் பார்க்கவில்லை. மகன் ரீல்ஸ் எடுக்க ஒரு குதிரை கேட்டான், பத்து நிமிடத்தில் ஒன்றரை லட்சத்துக்கு முடித்துவிட்டு, பிரியாணி சாப்பிடப் போய்விட்டார். மச்சான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் அந்தக் குதிரையை நடத்திக்கொண்டு மச்சான் வீட்டு வாசலுக்கு வந்தார். ஈரத்தில் நின்று நின்று குளம்பு நாறியிருந்தது. விலா எலும்பை எண்ணலாம். மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டானாம். பார்த்துக்கொண்ட ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லையாம்.

"நமக்கு ஆகலீங்க. குதிரைன்னா உங்களுக்கு உசுருன்னு ஊரே சொல்லுது. ஒத்த ரூவா வேண்டாம். சும்மா புடிச்சுக் கட்டிக்குங்க."

அக்கா காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். மச்சான் ஒன்றும் பேசவில்லை. குதிரையை வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று வந்தார். கழுத்தை மெல்லத் தடவிக் கொடுத்தார். அது அவர் தோளில் தலையைச் சாய்த்தது. எனக்கே தொண்டை அடைத்தது.

மச்சான் தோளிலிருந்து துண்டை எடுத்து வாசல் தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். கட்டைவிரலை அதன் மேலுதட்டில் வைத்தார்.

"மாப்ள, லைட்டு."