சுவிட்சில் இறுகிய லக்கு: கழற்றலியல் குறித்த ஓர் ஆய்வு

சுவிட்சின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைத் தகட்டுக் காலின் மேல் செருகப்படும் சிறு உலோக உறையே பட்டை லக்கு. அதன் இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு காலைக் கவ்வும். வாலில் வயரின் செம்பு இழைகளை வைத்து நசுக்கியிருப்பார்கள். ஈயப்பற்று இல்லை, திருகு இல்லை. செருக ஒரு நொடி போதும். கழற்ற எவ்வளவு நேரம் என்பதை எந்த அறிவியலும் வரையறுத்ததில்லை. இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறந்த துறைதான் கழற்றலியல். செருகுபவர் தொழிற்சாலையில் மேசை முன் அமர்ந்து, சம்பளத்துக்குச் செருகுகிறார். கழற்றுபவர் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு, மாவு பாதியில் நிற்க, வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கக் கழற்றுகிறார். இருவரும் நேரில் சந்தித்ததாகப் பதிவு இல்லை. சந்தித்திருந்தால் அந்தப் பதிவு காவல் நிலையத்தில் இருந்திருக்கும்.

லக்கின் அளவுகளை ஐஇசி 61210 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்திருக்கிறது: காலின் அகலம் 2.8, 4.8, 6.3, 9.5 மில்லிமீட்டர். கிரைண்டரின் சுவிட்சில் பெரும்பாலும் இருப்பது 6.3. வீடியோ கேம் எந்திரத்தின் பொத்தான்களில் அமெரிக்க வகைக்கு 4.8, ஜப்பானிய வகைக்கு 2.8. அளவு குறையக் குறையக் கழற்றுவது எளிதாகும் என்று அறிஞர்கள் கருதுவதுண்டு. அவர்கள் 2.8ஐக் கழற்றிப் பார்த்தவர்கள் அல்லர்.

வரலாற்றுக் குறிப்பு ஒன்று இங்கே தேவைப்படுகிறது. விளையாட்டுப் பொத்தானுக்குள் ‘டிக்’கென்று ஒலிக்கும் மைக்ரோ சுவிட்ச், அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நகரில் 1932இல் மெக்கால் என்பவரால் உருவாக்கப்பட்டது. கோவையை அடுத்த மதுக்கரையின் சிமெண்ட் ஆலை 1934இல் தொடங்கியது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இரண்டு ஆண்டு இடைவெளி ஆய்வுலகில் ஒரு கட்டுரைக்குப் போதுமானது என்பதால் இங்கே சேர்க்கப்படுகிறது. 1955இல் கோவையில் மின்சாரக் கிரைண்டர் பிறந்த பிறகுதான் லக்குக்கும் இந்த வட்டாரத்துக்கும் உண்மையான உறவு ஏற்படுகிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதன் சுவிட்சில் இறுகிய லக்குக்கு அத்தகைய அங்கீகாரம் இன்னும் இல்லை. கோரிக்கை வைப்பாரும் இல்லை.

லக்கு ஏன் இறுகுகிறது? மதுக்கரையில் இந்தக் கேள்வி எழுந்தால் பழியைச் சிமெண்ட் தூசியின் மேல் போடத் தோன்றும். ஆடி மாதத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரத்தைச் சுமந்து வரும் காற்றின் மேலும் போடலாம். காற்றுக்கு இதில் ஓரளவு பங்கு உண்டு. முதன்மைக் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மாவு. உளுந்து பொங்கி வரும்போது தெறிக்கும் துளி, கிரைண்டரின் உடலில் வழிந்து சுவிட்சின் இடுக்குக்குள் இறங்குகிறது. மாவு புளிக்கப் பாத்திரம்தான் வேண்டும் என்பதில்லை. சுவிட்சின் முதுகிலும் புளிக்கும். புளிப்பில் உண்டாகும் லாக்டிக் அமிலம் பித்தளையைத் தின்று பச்சைக் களிம்பை உண்டாக்குகிறது. களிம்பு ஏறிய இடத்தில் மின்தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு. சூட்டில் லக்கின் கவ்வும் விசை தளர்கிறது. தளர்ந்த இடத்தில் இன்னும் சூடு. இப்படியாக, உள்ளே தளர்ந்தும் வெளியே இறுகியும் இருக்கும் விசித்திர நிலையை லக்கு அடைகிறது. கூட்டுக் குடும்பங்களை ஆராய்வோருக்கு இந்நிலை புதிதல்ல.

களிம்பே இல்லாத புத்தம்புது லக்கும் வர மறுப்பதுண்டு. காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சுவிட்சின் காலில் ஒரு சிறு துளை அல்லது குழி உண்டு. லக்கின் உள்தளத்தில் அதற்கேற்ற ஒரு புடைப்பு உண்டு. செருகும்போது புடைப்பு துளையில் போய் அமர்கிறது. செருகியவருக்குக் கேட்கும் சின்னச் சொடுக்கொலி அதுதான். ஆகவே கழற்றுபவர் வெல்ல வேண்டியது அந்தப் புடைப்பு துளையைத் தாண்டும் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டுமே. மிச்சம் வெறும் உராய்வு. கழற்றலியலின் மையக் கோட்பாடு இதுவே; இதை அறியாதவர்களிடமிருந்துதான் பின்வரும் மரபுகள் கிளைத்தன.

முதல் மரபினர் வயர்ப் பிடியர். வயரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சை அடக்கி இழுப்பது இவர்கள் நெறி. இழுவிசை முழுவதும் நசுக்கிய வாலில் விழுகிறது. புடைப்பு அசையாது, செம்பு இழைகள்தாம் உருவிக்கொண்டு வரும். அப்போது இம்மரபினர் மொழியும் சூத்திரம் ‘கையோட வந்துருச்சுங்’ என்பது. இரண்டாம் மரபினர் உறைவாதிகள். லக்கின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் ஸ்லீவைப் பிடித்து இழுக்க, அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும், வென்றுவிட்டதாக நம்புவார்கள். மூன்றாமவர், குறட்டால் லக்கின் சுருண்ட ஓரங்களைக் கெட்டியாகப் பிடிப்போர். எவ்வளவு அழுத்துகிறார்களோ அவ்வளவுக்கு லக்கு காலை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. இவர்கள் தம் பகைவனுக்குத் தாமே படை திரட்டித் தருபவர்கள். நான்காமவர் மேலும் கீழும் ஆட்டுவோர். பித்தளைத் தகடு சில மடிப்புகளைத்தான் தாங்கும். பிறகு கால் முறியும், அல்லது சூடேறி இளகிய பிளாஸ்டிக்கிலிருந்து வேரோடு வரும். இந்த மரபுக்குப் பின் கழற்ற வேண்டியது லக்கை அல்ல, சுவிட்சையே.

முறையான வழி இது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கிரைண்டர் மோட்டாரின் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடும். டெஸ்ட் லேம்ப்பின் இரு முனைகளை அதன் இரு கால்களிலும் வைத்து அதைத் தீர்த்துவிட வேண்டும். எந்த வயர் எந்தக் காலில் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. நினைவாற்றலை நம்புவோர் தொகை வைண்டிங் கடைகளுக்கு வருமானம் தருகிறது. அடுத்து ஸ்லீவைப் பின்னால் தள்ளி, லக்கின் மேல் பூட்டு நாக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை அழுத்தாமல் எவ்வளவு இழுத்தாலும் வராது. இல்லையென்றால், சிறிய தட்டை முனை ஸ்க்ரூ டிரைவரை லக்கின் வாய்க்கும் சுவிட்சின் உடலுக்கும் நடுவே வைத்து, நெம்பாமல், சாவி திருப்புவதுபோல் மெல்லத் திருப்ப வேண்டும். லக்கு ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கும். புடைப்பு தாண்டிவிட்டது என்று பொருள். ஒரு கை சுவிட்சின் உடலைத் தாங்க, மறு கையின் நோஸ் பிளேயர் லக்கின் வால்பகுதியைப் பிடித்துக் காலின் நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். அசைத்தே தீர வேண்டுமென்றால் தகட்டின் அகலவாக்கில், மிக லேசாக. களிம்பு பிடித்திருந்தால் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டுக் காத்திருக்கலாம். காத்திருத்தல் இத்துறையில் மிகக் குறைவாகப் பயன்படும் கருவி.

மால்களின் விளையாட்டுக் கூடத்து எந்திரங்களில் சிக்கல் எண்ணிக்கையால் பெருகுகிறது. இருவர் ஆடும் சண்டை விளையாட்டு மேசையில் ஜாய்ஸ்டிக்குக்கு நான்கு, பொத்தான்கள் ஆறு, தொடக்கப் பொத்தான் ஒன்று. ஆளுக்குப் பதினொன்றாக 22 சுவிட்சுகள், சுவிட்சுக்கு இரண்டாக 44 லக்குகள். ஜப்பானின் ஜம்மா அமைப்பு 1985இல் வயர்க்கட்டை ஒழுங்குபடுத்தியபோது, விளையாட்டுப் பலகையின் பக்கம் இருக்கும் 56 முனை இணைப்பையே தரப்படுத்தியது. பொத்தான் பக்கம் அவரவர் பாடு. மின்னழுத்தம் குறைவென்பதால் உயிருக்கு அச்சமில்லை. ஆனால் எல்லாச் சுவிட்சுகளின் எர்த்தும் ஒரே சங்கிலி வயராக ஓடுகிறது. ஒரு லக்கை வெடுக்கென்று இழுத்தால் அண்டைப் பொத்தானின் லக்கும் உருவிக்கொள்ளும். 2.8 மில்லிமீட்டர்க் கால்களோ மெல்லிய பிளாஸ்டிக்கில் நிற்பவை. ஆதலால் பொத்தானைப் பலகையிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே லக்கைக் கழற்றுவது உத்தமம்.

கழன்ற லக்கை மறுபடி மாட்டலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, இருக்கத் தேவையில்லை. பளபளப்பாக இருந்தால், சுருண்ட ஓரங்களைக் குறட்டால் ஒரு மயிரிழை அழுத்திவிட்டு மாட்டலாம். பழுப்பேறி, ஸ்லீவ் கருகியிருந்தால் வயரைக் கருகாத இடம்வரை வெட்டிப் புது லக்கு நசுக்குவதே முறை. நசுக்க அதற்குரிய கிரிம்பிங் குறடு வேண்டும். கட்டிங் பிளேயரால் கடித்தது அடுத்த ஆடிக்குள் தளரும். நசுக்கிய பின் வயரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கழற்றலியல் அனுமதிக்கும் ஒரே தருணம் அதுதான்.