ஒரு கொம்பு கூடுதல்

ஆன்லைனில் ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கலாமென்று தேடிப் பாருங்கள். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு, ஜமீன் வாரிசின் பார்வை. மயங்கிவிடுவீர்கள். அவசரப்படாமல் அடுத்த விளம்பரத்தையும் திறங்கள். அதே நாய். அதே பார்வை. பின்னால் அதே வேப்பமரம். முதல் ஆள் ஓசூரில் இருப்பதாகச் சொல்வார், இரண்டாமவர் நாக்பூரில். வேட்டைக்கென்று வளர்த்த இனம், காற்றாகப் பறக்கும் என்பதெல்லாம் சரிதான். வேப்பமரமும் கூடவே ஓடுமா?

படத்துக்குக் கீழே தவறாமல் ஒரு வீர வரலாறு இருக்கும். பாளையக்காரர் போரில் இந்த நாய்கள் வெள்ளைக்காரனின் குதிரைப்படைக்குள் புகுந்து துவம்சம் செய்தன என்று. எந்த ஊர், எந்த வருஷம், பார்த்தவர் யார் என்றெல்லாம் கேட்பது அநாகரிகம். யாரோ ஒரு புண்ணியவான் எழுதியதை அடுத்தவர் எடுத்தார், அவரிடமிருந்து அதற்கடுத்தவர். எழுத்துப்பிழை உட்பட. முதல் ஆள் ‘குத்திரை’ என்று அடித்திருந்தால் பத்து விளம்பரத்திலும் குத்திரைதான் செத்து விழும்.

இத்தனைக்கும் இந்த நாய்க்கு அரசாங்கமே ஒரு படம் போட்டிருக்கிறது. 2005 ஜனவரியில் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல், கூடவே நம்ம ஊர் ராஜபாளையம். முதுகில் எச்சில் தடவி ஒட்டினாலும் கடிக்காத ஒரே ராஜபாளையம் அதுதான்.

சரி, ஆன்லைன் வியாபாரிகள் பிறவியிலேயே இப்படியா? இல்லை. 1995-ல் பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவில் ஒரு ஏல வெப்சைட் ஆரம்பித்தார். பிற்பாடு ஈபே ஆனது அதுதான். அதில் முதலில் விலைபோன பொருள் ஓர் உடைந்த லேசர் பாயிண்டர். 14 டாலர் 83 சென்ட். ஒமிடியாருக்கே மனசு கேட்கவில்லை. அது உடைந்தது, தெரியும்தானே என்று வாங்கியவருக்கு மெயில் போட்டார். தெரியும், நான் உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்தது. விற்றவனும் யோக்கியன், வாங்கியவனும் யோக்கியன். அந்த வெப்சைட்டின் சத்திய யுகம் அன்றைக்கே ஆரம்பித்து அன்றைக்கே முடிந்தது.

பின்னால் வந்தவர்கள் அடுத்தவர் வெப்சைட்டிலிருந்து படத்தையும் வர்ணனையையும் உருவி ஏலத்தில் போட்டார்கள். சிலருக்கு உருவக்கூடச் சோம்பல். லிங்க் மட்டும் கொடுப்பார்கள். படம் இருப்பது சொந்தக்காரர் சர்வரில், காட்சி இவர் கடையில். செலவு அவருக்கு, கல்லா இவருக்கு. கடுப்பான சொந்தக்காரர்கள் சிலர் போலீசுக்குப் போகவில்லை. தங்கள் சர்வரில் அதே பெயரில் வேறொரு படத்தை மாற்றி வைத்தார்கள். காலையில் கேமரா விற்றுக்கொண்டிருந்தவரின் கடையில் மாலையில் ‘இந்த ஆள் படத் திருடன்’ என்று போர்டு தொங்கும். அதற்கும் கீழே ‘ஷிப்பிங் இலவசம்’.

இன்டர்நெட் வந்துதான் உலகம் கெட்டுப்போனது என்று யாராவது பெருமூச்சு விட்டால் அவரை 1506-ம் வருஷத்து வெனிஸுக்கு அனுப்பிவையுங்கள். அங்கே ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மன் ஓவியர் கோபத்தில் குதித்துக்கொண்டிருப்பார்.

டியூரர் மகா திறமைசாலி. அது அவருக்கும் நன்றாகத் தெரியும் என்பதுதான் சிக்கல். 1500-ல் தன்னைத்தானே ஒரு படம் வரைந்தார். தலைமுடி, தாடி, நேர்ப் பார்வை, மார்பருகே உயர்த்திய கை. விஷயம் தெரியாதவர் இயேசுநாதர் என்று நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார். எந்தப் படமாக இருந்தாலும் பெரிய ‘ஏ’, அதன் கால்களுக்கு நடுவில் சின்ன ‘டி’ என்று ஒரு லோகோ போட்டுவிடுவார். அச்சடித்த படங்களை அம்மாவும் மனைவியும் சந்தைகளில் விற்றார்கள். மேதைதான். ஆனால் ஃபேமிலி பிசினஸ்.

அவருடைய மரியன்னை வரலாற்றுப் படங்களை மார்க்கந்தோனியோ ரைமாண்டி என்ற இத்தாலிக்காரர் அப்படியே செப்புத்தகட்டில் செதுக்கி விற்றார். கோடு மாறவில்லை, நிழல் மாறவில்லை. அந்த ஏ-டி லோகோ கூட மாறவில்லை! வாட்டர்மார்க்கோடு காப்பியடிக்கும் கலைக்கு ஐந்நூறு வருஷப் பாரம்பரியம் இருக்கிறது.

டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டாராம். படத்தை விற்றுக்கொள், லோகோவை மட்டும் எடுத்துவிடு என்று தீர்ப்பாம். சொன்னவர் ஜார்ஜோ வசாரி. ஓவியர்களின் வாழ்க்கையை எழுதும்போது உப்பு குறைந்தால் தாராளமாகச் சேர்ப்பவர். அதனால் வரலாற்று ஆசிரியர்கள் கொஞ்சம் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் 1512-ல் டியூரரின் சொந்த ஊரான நியூரம்பர்க்கில் நகரசபைக் கட்டிடத்து வாசலிலேயே ஒருவர் போலி லோகோ படங்களைக் கடை பரப்பினார். அதற்கு நகரசபை போட்ட உத்தரவு ஆவணத்தில் இருக்கிறது. லோகோவை அழி, இல்லையென்றால் பறிமுதல். அதாவது, அழித்துவிட்டு விற்கலாம். சொந்த ஊரும் கைவிட்டது.

இதைவிட அவருக்கு வலித்தது வேறு. வெனிஸிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார். இந்த ஊர் ஓவியர்கள் சர்ச்சிலும் கண்ட இடத்திலும் தன் படங்களைக் காப்பியடிக்கிறார்களாம். அதோடு விட்டார்களா? பழைய பாணியில் இல்லை, சுமார்தான் என்று குறையும் சொல்கிறார்களாம். திருடியவனே ரெண்டு ஸ்டார் ரேட்டிங் கொடுத்தால் எப்படி இருக்கும்?

நம்ம சட்டம் எவ்வளவோ மேல். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி போட்டோவுக்கு அது வெளியானதிலிருந்து 60 வருஷம் பாதுகாப்பு. முறைப்படி புகார் கொடுத்தால் வெப்சைட்காரர் 36 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். டியூரருக்கு வெனிஸ் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகியிருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. 21 நாளுக்குள் நீங்கள் கோர்ட் ஆர்டரோடு வராவிட்டால் அவர் படத்தை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இந்தியக் கோர்ட்டில், 21 நாளில், ஆர்டர்! அந்த விதியை எழுதிய அதிகாரிக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று யார் சொன்னது?

டியூரர் பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் அடுத்த சீனைப் பாருங்கள். குஜராத் சுல்தான் முசாஃபர் ஷா, போர்ச்சுகீசியத் தலைவர் அல்புகெர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசாகத் தள்ளிவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அல்புகெர்க் தன் ராஜாவுக்குத் தள்ளிவிட்டார். 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. ராஜா அதைப் போப்பாண்டவருக்குத் தள்ளிவிட்டார். வழியில் கப்பல் மூழ்கி, பரிசு கைமாறுவது ஒருவழியாக நின்றது.

டியூரர் அந்த மிருகத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை. லிஸ்பனிலிருந்து யாரோ எழுதிய கடிதமும் கிறுக்கிய ஸ்கெட்சும் நியூரம்பர்க்குக்கு வந்தன. அதைப் பார்த்து மரத்தில் செதுக்கி அச்சடித்துவிட்டார். உடம்பு முழுக்க இரும்புக் கவசம் மாதிரி தகடு, காலில் செதில், கழுத்துக்குப் பின்னால் கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பு. மேலே மறக்காமல் ஏ-டி லோகோ. ஸ்கெட்ச் போட்டவருக்கு கிரெடிட்? அதெல்லாம் கேட்கப்படாது.

அடுத்த இருநூறு வருஷத்துக்கு ஐரோப்பாவில் காண்டாமிருகம் வரைந்தவர்களில் பெரும்பாலோர் இதையே பார்த்து வரைந்தார்கள். விலங்கியல் புத்தகங்களிலும் இதுதான். கூடுதல் கொம்பும் கூடவே போனது. அதே 1515-ல் ஹான்ஸ் புர்க்மையர் என்பவர் அந்தக் கொம்பு இல்லாமல் ஓரளவு சரியாகவே ஒரு படம் செதுக்கியிருந்தார். அதில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. மக்கள் எதை வாங்குவார்கள் என்று டியூரருக்குத் தெரிந்திருந்தது.

நம்ம நாய் விளம்பரத்துக் குதிரைப்படையும் அப்படி ஒரு கூடுதல் கொம்புதான் என்பது என் கட்சி. வரலாற்றை விட்டுத்தள்ளுங்கள். குட்டி வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வேறு. இந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். தட்டுவதற்கு நேரில் போக வேண்டும். முன்பணம் அனுப்பிவிட்டுப் போட்டோவைப் பார்த்துத் தட்டினால் உங்கள் குடும்பம்தான் திரும்பிப் பார்க்கும்.

டியூரர் லோகோவுக்காக மல்லுக்கட்டிய அதே காலத்தில், விஜயநகரத்தில் ஒரு மகாராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் கதை ஒன்றின் மேல் கண் வைத்தார். கிருஷ்ணதேவராயர். கதை ஊரறிந்தது. சாமிக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் தான் சூடி, கிணற்றில் அழகு பார்த்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்பா பெரியாழ்வார் கண்டுபிடித்துப் பதறி, புது மாலை கட்டிக்கொண்டு போனால் சாமி வேண்டாமென்கிறார். அவள் சூடியதுதான் வேண்டுமாம். யூஸ்டு பீஸை இப்படி விரும்பிக் கேட்ட கஸ்டமர் அதற்குப் பிறகு ஒருவர்தான். அந்த லேசர் பாயிண்டர்காரர்.

இதைத் தெலுங்கில் காவியமாக எழுத ராயருக்கு ஆசை. ஊரோ தமிழ்நாட்டில், கதையோ ஆழ்வார்களுடையது. யாரிடம் பர்மிஷன் கேட்பது? கலிங்கப் படையெடுப்பில் இருந்தபோது கனவில் ஆந்திர விஷ்ணுவே வந்து, என் கல்யாணக் கதையைத் தெலுங்கில் எழுது என்று உத்தரவிட்டதாக ‘ஆமுக்தமால்யதா’வின் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார். கதாநாயகனே கொடுத்த நோ அப்ஜெக்‌ஷன் சர்டிஃபிகேட்! எந்த வக்கீல் இதை எதிர்த்து நோட்டீஸ் அனுப்புவார்? அதோடு மனுஷன் அபாரமாக எழுதிவிட்டார். தெலுங்கின் பெரிய காவியங்களில் ஒன்று அது. இப்படிக் காப்பியடித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் மட்டும் காப்பி செல்லாது. ஆண்டாள் கையிலிருக்கும் இலைக் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். நேற்றைய கிளி இன்றைக்கு ரிட்டயர்டு.

வெளியே வந்து நிமிர்ந்தால் 11 நிலை, 192 அடிக் கோபுரம். தமிழ்நாட்டில் அதிகம் காப்பியடிக்கப்பட்ட படம் எது தெரியுமா? எந்த நடிகருடையதும் இல்லை. உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறதே, அரசு முத்திரைக் கோபுரம், அதுதான். 1949-ல் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் வரைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் கேட்டால் அது எங்க ஊர்க் கோபுரம் என்பார். மதுரைக்காரரிடம் கேட்டால் அது மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம், ஓவியரே எங்க ஊர்தானே என்பார். அசல் எதுவென்று எழுபது வருஷத்துக்கு மேலாகச் சண்டை. சண்டைக்குக் காரணமான படத்தின் கீழே கொட்டை எழுத்தில்: வாய்மையே வெல்லும்.

அதே 1949 ஏப்ரலில்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து ஊர்ப் பாசத்தில் கோபுரத்தை முத்திரையில் ஏற்றிவிட்டார் என்று ஒரு கதையைக் கிளப்பலாம், ருசியாகத்தான் இருக்கும். ஆதாரம் கிடையாது. கொம்பு வரைகிற வேலையை டியூரரோடு நிறுத்திக்கொள்வோம். இன்னொன்று பாருங்கள். எந்தக் கோபுரமாக இருந்தாலும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த முத்திரையை நீங்களோ நானோ வியாபாரத்துக்கு எடுத்தால் 1950-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று பாயும். காப்பியைக் காப்பியடிப்பதுதான் குற்றம்.

அதே ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு வருவோம். பாலும் சர்க்கரையும்தான். மூன்றாவது பொருள் கிடையாது. விறகடுப்பில் காய்ச்சி, கை ஓய்கிற வரை கிண்ட வேண்டும். செய்முறையில் ரகசியமே இல்லாததால் திருடுவதற்கும் ஒன்றுமில்லை. அதனால் எல்லோரும் பெயரைத் திருடினார்கள். எந்த ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’. சில டப்பாக்களில் ஆண்டாள் கோயில் கோபுரமும் உண்டு. டப்பா மட்டும் அந்தக் கோபுரத்தைப் பார்த்தே இருக்காது.

2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே கொண்டாடியது. சரி, புவிசார் குறியீட்டுச் சட்டம் என்னதான் கொடுக்கிறது? இந்தியாவில் யார் வேண்டுமானாலும் பாலையும் சர்க்கரையையும் காய்ச்சிக் கிண்டி விற்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரை மட்டும் போடக் கூடாது. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? அதே வெனிஸ் தீர்ப்புதான். சரக்கை விற்றுக்கொள், லோகோவை எடுத்துவிடு. ஆனால் டியூரர் மாதிரி இந்த ஊர்க்காரர்கள் மூக்கைச் சிந்தவில்லை. பெயரில்தான் ருசி என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அங்கேயே பத்துக் கடையில் விசாரித்தால் பத்துமே ஒரிஜினல் என்பது வேறு விஷயம்.

சட்டம் இருந்தாலும் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு டப்பாவையும் பிரித்துப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரால் முடியாது. அது உங்கள் வேலை. அடுத்த முறை வெளியூர்க் கடையில் அந்தப் பெயரைப் பார்த்தால் டப்பாவைத் திருப்புங்கள். தயாரித்த இடமும் தேதியும் சின்ன எழுத்தில் இருக்கும். இடம் வேறாக இருந்தால் கடைக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.